சிங்கப்பூரில் நான் இருந்த மாடி அறை

நான் சிங்கப்பூரில் இருந்த காலம் முழுக்க, மதுரை செல்லூரில் எங்கள் வீட்டு மாடி அறையில்தான் இருந்தேன். அது எப்படி என்று கேட்பவர்களுக்கு என் அம்மாவைத் தெரியாது என்று அர்த்தம்.

சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் எனக்கு வேலை. ஒரு நாள் எங்கள் பிரிவில் இருந்த எல்லோரையும் ஏசி அறையில் உட்கார வைத்து, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் கொடுத்து, இனி வர வேண்டாம் என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னார்கள். கொஞ்ச நாள் ஓய்வெடுத்துவிட்டு வேறு வேலை தேடலாம் என்று ஊருக்கு வந்தேன். முதலில் நன்றாகத்தான் போனது. பிறகு டீக்கடையில் ஒருவர், "தம்பி, லீவா?" என்றார். மறுவாரம் அவரே, "இன்னுமா லீவு?" என்றார். அதற்கடுத்து சலூன்காரர், மருந்துக்கடைக்காரர், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எதிர் வீட்டு அத்தை. எங்கள் ஊரில் விசாரிப்பது பாசம். விசாரிக்காமல் போனால்தான் கோபம் என்று அர்த்தம். அவ்வளவு பாசத்தை என்னால் தாங்க முடியவில்லை.

முதலில் டீக்கடையை விட்டேன். பிறகு சலூனை விட்டேன், தாடி வளர்ந்தது. தாடியைப் பற்றியும் கேட்பார்கள் என்பதால் தெருவையே விட்டேன். கடைசியில் மாடிப்படியையும் விட்டேன். யாரும் முடிவெடுத்து அறைக்குள் போய் உட்காருவதில்லை. தொப்பை மாதிரிதான், விழுந்த பிறகுதான் தெரியும்.

நான் தெருவில் தென்படாததைக் கவனித்த எதிர் வீட்டு அத்தை அம்மாவை மடக்கினார். "மகன எங்க ஆளவே காணோம்?"

"வெளிய போயிருக்கான்."

"காலைல கேட்டப்பவும் வெளியன்னீங்க?"

"வெளியூரு மதினி."

"எந்த ஊரு? நேத்து என் மருமகன் சென்னைலதான் இருந்தாரு, பாக்கலங்கிறாரே!"

ஒரு கோடிப் பேருக்கு மேல் இருக்கும் ஊரில் அவர் மருமகன் கண்ணில் நான் படவில்லை என்பது ஒரு சாட்சியாகிவிட்டது. அம்மா அசரவில்லை. "சென்னையெல்லாம் எப்பவோ விட்டாச்சு. சிங்கப்பூரு" என்று சொல்லிவிட்டு, சுடுதண்ணீர் கொதிக்கிறது என்று உள்ளே வந்துவிட்டாள். அன்று சாயங்காலத்துக்குள் தெருவே என்னை விமானம் ஏற்றி விட்டது. அப்பாவுக்குத் தகவல் வெளியே டீக்கடையில்தான் கிடைத்தது. அவர் டீயைக் குடித்துவிட்டுத் தறியை ஓட்டப் போய்விட்டார்.

இப்படியாக என் கதவுக்கு வெளியே இன்னொரு பூட்டும் விழுந்தது. இனி நானாக மனசு வைத்தாலும் வெளியே போக முடியாது. சிங்கப்பூரில் இருப்பவன் கைலியோடு வந்து கறிவேப்பிலை வாங்கினால் அம்மாவின் கதி என்ன?

கீழே அப்பாவின் விசைத்தறிகள் ஓடுவது எனக்குப் பெரிய பாதுகாப்பு. அந்த இரைச்சலில் மேலே யானை நடந்தாலும் தெருவுக்குக் கேட்காது. லேப்டாப்பில் எதையாவது பார்த்துக்கொண்டு கிடப்பேன். ஜப்பான் கார்ட்டூன்கள் அப்படித்தான் வந்து சேர்ந்தன. முடி முள்ளாக நிற்கும் ஆட்கள் வாளோடு பறந்து பறந்து அடித்துக்கொள்வார்கள். அடுத்தது, அடுத்தது என்று அதுவாக ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் அப்படி ஓடி வந்த ஒன்றில் யாரும் பறக்கவில்லை. ஓர் இளைஞன் அறைக்குள் படுத்திருந்தான். அம்மாக்காரி சாப்பாட்டுத் தட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போகிறாள். காலடிச் சத்தம் தேய்ந்ததும் கதவைத் திறந்து தட்டை உள்ளே இழுத்துக்கொள்கிறான். அவ்வளவுதான் காட்சி. நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். என்னைக் கேட்காமல் என்னைப் படம் எடுத்துவிட்டார்களே என்று சுர்ரென்று கோபம் வந்தது.

ஒரு வித்தியாசம் உண்டு. அந்த அம்மா தட்டைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, கதவைப் பார்த்துத் தலை குனிந்துவிட்டுப் போகிறாள். என் அம்மா கதவைக் காலால் உதைத்து, "தொரை, இட்லி கல்லாப் போகுது. எந்திரிச்சுத் தின்னுட்டு மறுபடி படு!" என்பாள். ஜப்பானில் இப்படி அறைக்குள் முடங்குபவர்களுக்கென்று தனியாக ஒரு பெயரே இருக்கிறதாம். எங்கள் வீட்டிலும் இருந்தது, தண்டச்சோறு என்று.

மாதத்துக்கு ஒரு முறை பராமரிப்பு என்று பகல் முழுக்கக் கரண்டை நிறுத்துவார்கள். அப்போது செல்லூரே காது அடைத்தது போல ஆகிவிடும். அத்தனை தறிகளும் நின்றுபோன அப்படி ஒரு காலையில், லேப்டாப் மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. படத்தில் அம்மாவும் மகனும் கதவுக்கு இருபுறமும் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். அந்த ஜப்பானிய மொழிச் சண்டை எங்கள் தெரு முழுக்க ஒலித்ததை நான் உணரவே இல்லை.

கீழே எதிர் வீட்டு அத்தையின் குரல் கேட்டது. "மாடில யாரு மதினி? புரியாத பாஷையால்ல இருக்கு?"

அம்மா ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "நம்ம பயதான். போன்ல பேசுறான், ஸ்பீக்கர்ல போட்டு வச்சுருக்கேன்."

"சிங்கப்பூர் பாஷையா? அதுக்குள்ள இம்புட்டுச் சரளமா?"

"அவனுக்குச் சின்னதுலருந்தே படிப்பு ஏறும்."

"கூட ஒரு பொம்பள கத்துதே?"

"மேனேஜரு" என்றாள் அம்மா.

சொல்லிவிட்டு மூச்சு வாங்க மேலே ஏறி வந்தாள். லேப்டாப்பை உடைக்கத்தான் வருகிறாள் என்று அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அவள் அதை வாங்கிக் கட்டிலில் வைத்தாள். சத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டு, முந்தானையால் விசிறிக்கொண்டே பார்க்க ஆரம்பித்தாள்.

"இந்தப் புள்ள ஏன் வெளிய வர மாட்டேங்குது?"

"பயம்மா."

"எதுக்குப் பயம்? புலியா நிக்கிது வெளிய?"

"யாராச்சும் ஏதாச்சும் கேட்டுருவாங்கன்னு."

அம்மா விசிறுவதை நிறுத்தினாள். பிறகு, "அந்தத் தாய் பொறுமைக்காரி. நானா இருந்தா கதவ எப்பவோ ஒடைச்சிருப்பேன்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

மறுநாளிலிருந்து சாப்பாட்டோடு வரும்போதெல்லாம், "அந்தப் புள்ள வெளிய வந்துச்சா?" என்று கேட்பாள். இல்லை என்றால் முகம் வாடிவிடும். அவளுடைய டிவி சீரியல்களில் மருமகள் குளத்தில் விழுந்து கிடக்க, அம்மா இங்கே வந்து ஒரு ஜப்பான்காரப் பையனுக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள். திரையில் கீழே வரும் ஆங்கில எழுத்துகளை நான் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்பாள். ஒன்றிரண்டு இடங்களில் வசனம் நன்றாக இல்லை என்று நானாக மாற்றிச் சொன்னதும் உண்டு.

ஒரு பாகத்தில் அவன் வெளியே வந்தான். தெருமுனையில் காசு போட்டால் ஜூஸ் டப்பா விழும் இயந்திரம் ஒன்று. அதுவரை போய், ஒரு டப்பா வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். மொத்தப் பாகமும் அவ்வளவுதான். படியில் நிற்கிறான். திரும்புகிறான். மறுபடி செருப்பு மாட்டுகிறான். எதிரே நாயோடு ஒருவர் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்கிறான். தலையைத் தூக்காமல் தன் காலை மட்டும் பார்த்துக்கொண்டே போகிறான். டப்பா டமார் என்று விழுந்தபோது அம்மா, "வாங்கிட்டான்டா! வாங்கிட்டான்!" என்று என் தொடையில் ஓர் அடி போட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். நம் ஊர்ப் படமாக இருந்தால் ஒரே பாட்டுக்குள் அவன் கலெக்டர் ஆகியிருப்பான். இவன் வீட்டுக்கு வந்து, வெட்கப்பட்டு, இன்னும் மூன்று பாகங்களுக்குப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டான். அந்த நேர்மை எனக்குப் பிடித்துப்போனது. ஆளே மாற வேண்டியதில்லை, ஒரு ஜூஸ் வாங்கினால் போதும் என்றால் நானும் முயன்று பார்க்கலாமே என்று தோன்றியது.

ஆனால் அவன் வாங்கியது இயந்திரத்திடம். அது, "நீ யாரு வீட்டுப் பிள்ளை?" என்று கேட்காது. செல்லூரில் கேள்வி இல்லாமல் ஒரு பொருளும் கிடைக்காது. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். சாயங்காலம் பக்கத்துத் தெருவுக்குப் பருத்திப்பால் வண்டி ஒன்று வரும். அந்த அண்ணன் வேறு ஏரியாக்காரர், என்னைத் தெரியாது. மற்றவர்கள் அடையாளம் காணாமல் இருக்க அப்பாவின் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, கண்ணாடியையும் கீழே இறக்கிவிட்டுக் கிளம்பினேன்.

மதுரையில் வண்டி ஓட்டும்போதே பாதிப் பேர் ஹெல்மெட் போடுவதில்லை. நான் போட்டுக்கொண்டு நடந்தேன். சங்கிலி அறுக்க வந்தவன் என்று நினைத்துத் தெருவில் பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கழுத்தை மூடிக்கொண்டார்கள். அந்த ஜப்பான் பையனை ஒரு நாயும் அதைக் கூட்டி வந்தவரும்தான் பார்த்தார்கள். என்னைத் தெருவே பார்த்தது. நான் காலைப் பார்த்துக்கொண்டே வண்டியை எட்டிவிட்டேன்.

"அண்ணே, ஒரு பருத்திப்பால்."

"எதுக்குள்ளருந்து பேசுறீங்க தம்பி? ஒண்ணும் வெளங்கல" என்றார் அவர். "தலைல அடியா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். ஹெல்மெட்டோடு சேர்த்துத் தலையாட்டினால் அது பெரிய ஆமாம் ஆகிவிடுகிறது. அவர் ஐயோ பாவம் என்று சுக்கும் தேங்காய்ப்பூவும் தாராளமாகப் போட்டுக் கொடுத்தார். வாங்கியபோதுதான், கண்ணாடியைத் தூக்காமல் குடிக்க முடியாது என்ற விஷயம் எனக்கு உறைத்தது. கூட்டம் என் வாயையே பார்த்தது. காசை வைத்துவிட்டு டம்ளரோடு நடையைக் கட்டினேன். பின்னால், "தம்பி, டம்ளரு!" என்று சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை.

மாடியில் உட்கார்ந்து அந்தப் பருத்திப்பாலைக் குடித்தேன். ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது. அவ்வளவு ருசியாக அதற்கு முன்னும் பின்னும் நான் எதையும் குடித்ததில்லை.

டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிடு என்று அம்மாவிடம் சொன்னேன். "தூக்கிட்டு வந்தது யாரு? நீ. நீயே போய்க் குடு. பாவம், ஏவாரம் பண்றவரு டம்ளரு" என்று கையைக் கழுவிக்கொண்டாள். நான் திருட்டு டம்ளரோடு இரண்டு நாள் தவித்தேன். பிறகு மறுபடி ஹெல்மெட், மறுபடி நடை. அவர் திட்டவில்லை. "காயம் ஆறிருச்சா?" என்று கேட்டு இன்னொரு டம்ளர் ஊற்றினார். கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு அங்கேயே நின்று குடித்தேன். அதிலிருந்து அடிக்கடி போனேன். அந்தத் தெருவுக்கு நான் தலையில் அடிபட்ட தம்பி, எங்கள் தெருவுக்கு சிங்கப்பூர்க்காரன். முகத்தோடு நிற்க மட்டும் ஓர் இடமும் இல்லை.

இந்த நிலையில்தான் ஒத்தக்கடையில் கட்டிக்கொடுத்திருக்கும் அக்கா போன் செய்தாள். அவள் மகளுக்குக் காதுகுத்து. எங்கள் பக்கம் காதுகுத்து என்றால் தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். மண்டபம் இல்லாமல் நடத்தலாம், கிடா வெட்டாமல் நடத்தலாம், மாமன் மடி இல்லாமல் நடத்த முடியாது. அக்காவுக்கு உடன்பிறந்தவன் நான் ஒருத்தன்தான். நான் மாடியில் இருப்பது எங்கள் வீட்டைத் தவிர அவளுக்கு மட்டும்தான் தெரியும். புகுந்த வீட்டுக்கு அவளும் சிங்கப்பூர் என்றே சொல்லியிருந்தாள்.

"லீவு கெடைக்கலன்னு சொல்லிரு அக்கா" என்றேன்.

"யாரு மடில வைக்க? எங்க மாமியாரு, ஒண்ணுவிட்ட தம்பிய வச்சு ஒப்பேத்திரலாம்னு இப்பவே பேசுறாங்க. கூடப் பெறந்தவன் இருக்கையில ஊரான் மடியா?" என்று அழ ஆரம்பித்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நீ வரலன்னா குத்தவே போறதில்ல. என் புள்ள கம்மல் இல்லாமலே வளரட்டும்" என்று வைத்துவிட்டாள்.

அந்தப் பிள்ளைக்கு அப்போது பேச்சு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. விவரம் தெரிந்து வீடியோவில் மட்டும் பார்த்த என்னைப் போன் மாமா என்பாள். நான் போகவில்லை என்றால் அவள் காதில் ஒன்றுமில்லாமல் போவது பெரிதல்ல. என் அக்கா அந்த வீட்டில் ஆயுசுக்கும் தலைகுனிந்து நிற்பாள். இதை நினைத்து நினைத்துத் தூக்கம் போனது. கடைசியில் தாடியை நானே மழித்தேன். கன்னத்தில் மூன்று இடத்தில் ரத்தம்.

எங்கள் தெரு விழிப்பதற்கு முன்பே கிளம்பி, நாங்கள் சீர்த்தட்டுகளோடு வேனில் ஒத்தக்கடை போய் இறங்கினோம். இறங்கிய இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன், பத்தடி உயரத்தில். மச்சானின் கூட்டாளிகள் ஃபிளெக்ஸ் வைத்திருந்தார்கள். யாரோ ஒருவருடைய கோட்டு சூட்டுக்கு மேல் என் கல்லூரி அடையாள அட்டை முகம். பின்னால் ஒரு விமானம், அது என் காது வழியாகப் புறப்பட்டுக்கொண்டிருந்தது. 'சிங்கப்பூர் சிங்கமே! தாய்மாமனே! வருக! வருக!' அதற்குக் கீழே டிரம் செட்டும் வேட்டும் தயார். அங்கிருந்து மண்டபம் வரை நான் மாலையோடு முன்னால் நடக்க வேண்டும், சீர் பின்னால் வர வேண்டும்.

மேலூர் பஸ் ஒன்று பக்கத்தில் நின்றிருந்தது. என்னை அறியாமல் அதன் படியில் ஒரு கால் வைத்துவிட்டேன். அம்மா வந்து என் சட்டையைப் பிடித்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"ஏண்டா, அந்தப் புள்ள ஜூஸ் வாங்கப் போனப்ப எங்க பாத்துட்டுப் போச்சு?"

"கீழம்மா. கால."

"நீயும் காலப் பாத்தே வா. மண்டபம் வந்ததும் நான் சொல்றேன்."

டிரம் முழங்கியது. வேட்டு வெடித்தது. நான் காலைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பக்கத்தில் அம்மாவின் காலும் வந்துகொண்டிருந்தது. சிங்கப்பூர் போயும் தலைக்கனம் இல்லாத பையன், குனிந்த தலை நிமிரவில்லை என்று இருபுறமும் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது.

மேடையில் பிள்ளையை என் மடியில் வைத்தார்கள். அவளுக்கும் ஒரு மாலை. இரண்டு மாலைக்கும் நடுவே அவள் முகம் சிறிதாகத் தெரிந்தது. ஆசாரி முதல் காதில் குத்தியதும் அவள் போட்ட அலறலில் டிரம்காரர்களே நிறுத்திவிட்டார்கள். சட்டென்று திரும்பி என் நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இரண்டாவது காதைக் காட்ட மாட்டேன் என்கிறாள். சுற்றி நின்ற அத்தனை பேரும், "இந்தா சாக்லேட்டு, அந்தா குருவி" என்று கத்தினார்கள். அவள் இன்னும் உள்ளே உள்ளே போனாள். இவ்வளவு பேரிடமிருந்து ஒளிந்துகொள்ள அவளுக்குக் கிடைத்த ஒரே இடம் நான்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"பாப்பா, மாமாவுக்கும் பயமா இருக்கு. ரெண்டு பேரும் கண்ண மூடிக்கிருவோமா?" என்று காதோடு சொன்னேன். அவள் ஒரு கண்ணைத் திறந்து, நான் மூடியிருக்கிறேனா என்று பார்த்தாளாம். அக்கா பிறகு சொன்னாள். ஆசாரி அந்த நேரத்தில் காரியத்தை முடித்துவிட்டார். அந்த வீடியோவில் அவள் சத்தத்தைவிட என் சத்தம்தான் கூடுதலாகக் கேட்கிறது.

அழுது களைத்தவள் என் தோளிலேயே தூங்கிவிட்டாள். காற்றாட நிற்கலாம் என்று வாசலுக்குத் தூக்கி வந்தபோது மச்சானின் பெரியப்பா எதிரே வந்தார். விசேஷ வீடுகளில் ஆள் விடாமல் விசாரிப்பவர் என்று அக்கா முன்பே எச்சரித்திருந்த மனிதர். கப்பல் கம்பெனி என்று சொல்லச் சொல்லி அம்மா பாடம் பண்ணி விட்டிருந்தாள்.

"அப்பறம் மாப்ள, சிங்கப்பூர்ல என்ன வேல?"

பிள்ளையின் மூச்சு என் கழுத்தில் பட்டுக்கொண்டிருந்தது. பொய் சொல்ல வாய் வரவில்லை. "நான் சிங்கப்பூருக்குப் போகவே இல்ல மாமா. வேல போயிருச்சு. யாரு மூஞ்சிலயும் முழிக்கக் கூச்சப்பட்டு வீட்டுக்குள்ளயே கெடந்தேன்."

அவர் என்னைப் பார்த்தார். தூரத்தில் சாலையில் தெரிந்த ஃபிளெக்ஸைப் பார்த்தார். "அப்ப அந்தக் கோட்டு?"

"ஒட்டுனது மாமா."

பின்னால் சீர்த்தட்டோடு நின்ற அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். அவள் முகம் செத்துப்போனது. இன்னொரு பொய் வரும் என்று காத்திருந்தேன். "ஆமாண்ணே" என்றாள். "வீட்டுலதான் இருந்தான். நாந்தான் மேல கொண்டுபோய்ச் சோறு குடுத்தேன்." தட்டைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

பெரியப்பா சிரிக்கவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். யாராவது பார்க்கிறார்களா என்று பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"எம் மகனக் கனடான்னு சொல்லி வச்சுருக்கோம்" என்றார் மெதுவாக. "நாகமலை புதுக்கோட்டைல, வீட்டுப் பின் ரூம்புல இருக்கான். அடுத்தவன்ட்ட நான் முந்திக்கிட்டு வெசாரிச்சுட்டா, என்னைய யாரும் கேக்க மாட்டாங்கல்ல மாப்ள."

பந்திக்குக் கூப்பிடும் சத்தம் உள்ளே கேட்டது. யாரும் அசையவில்லை.

"நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா வெளிய வந்துருவானா?" என்று கேட்டார். ஊரையே விசாரித்த அந்தக் குரல் உடைந்திருந்தது.

"வர மாட்டான் மாமா" என்றேன். "நான் உள்ள போயி அவன்கூட உக்காந்துக்கிறேன்."

அம்மா என் தோளிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். சாப்பிட்டுக் கை கழுவியதும் நான் அவருடைய வண்டியின் பின்னால் ஏறிக்கொண்டேன்.